சிறு விமானம் ஓட்டுபவர்களுக்குக் காதுக்குள் பொருத்தும் ஹெட்செட்: தேர்விலிருந்து பராமரிப்பு வரை

காதை மூடும் பெரிய ஹெட்செட் தலையில் 350 முதல் 550 கிராம் வரை கனக்கும். காதுக்குள் பொருத்தும் வகையில் தலை மேல் ஏறும் எடை அதில் சிறு பங்குதான். கண்ணாடிக் காம்பு நெருடாது, தொப்பி இடிக்காது, வெயிலில் காது வேகாது. ஆனால் வாங்கிய பலர் சில வாரங்களில் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் குறை இருப்பதில்லை. காதில் சரியாக அடைக்கப் பழகாததுதான் காரணம். இது முதலில் ஒரு காதடைப்பான், அப்புறம்தான் ஹெட்செட். கீழே உள்ள வரிசையும் அதை வைத்தே அமைந்தது: காது, விமானம், பிளக், காதுக்குள் செருகும் முனை, பொருத்தும் முறை. மற்றதெல்லாம் பிறகு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவிலும் முனைகள், உபரியாக இரண்டு ஜோடி, மைக்கின் மேல் மாட்டும் பஞ்சுறை ஒன்று, சட்டையில் மாட்டும் கிளிப், உலர்ந்த மெல்லிய துணி, உங்கள் பழைய ஹெட்செட். பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்காதீர்கள். பழகும் காலத்தில் மட்டுமல்ல, காதில் புண் வந்த நாளிலும் அது வேண்டும்.

1. முதலில் காதைக் காட்டுங்கள்

காசு கொடுப்பதற்கு முன் காது மருத்துவரிடம் ஒருமுறை போய் வருவது நல்லது. குரும்பி நிறைய இருந்தால் ஃபோம் முனை அதை உள்ளே தள்ளிக் கட்டியாக்கும். முனையின் ஒலித்துளையும் அடைபடும். செவிப்பறையில் ஓட்டை, காதில் சீழ், தோல் அழற்சி, செவிப்பறையில் வைத்த வடிகுழாய் ஆகிய எது இருந்தாலும் மருத்துவர் சம்மதிக்காமல் இந்த வகை வேண்டாம். குரும்பியைப் பஞ்சுக் குச்சியால் நீங்களே எடுக்கப் போகாதீர்கள். முனை செய்யும் அதே வேலையைத்தான் குச்சியும் செய்யும்: உள்ளே தள்ளும்.

போன கையோடு கேள்திறன் பரிசோதனை ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை கிடைக்கும். இரு காதுத் துளைகளும் ஒரே அகலம்தானா என்றும் கேளுங்கள். பலருக்கு ஒரே அகலமாக இருப்பதில்லை.

2. உங்கள் விமானம் எவ்வளவு சத்தம் போடுகிறது?

பிஸ்டன் இஞ்சின் வைத்த சிறு விமானத்தின் காக்பிட்டில் 90 டெசிபலுக்கு மேல் சாதாரணம். 100ஐத் தொடுவனவும் உண்டு. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு, நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். ஆக 97 டெசிபலில், காப்பு எதுவும் இல்லாமல், அரை மணி நேரத்திலேயே அன்றைய அளவு தீர்ந்துவிடும்.

பெட்டியில் அச்சிட்ட என்.ஆர்.ஆர். எண்ணை (சத்தம் எத்தனை டெசிபல் குறையும் என்ற மதிப்பீடு) அப்படியே கழிக்காதீர்கள். அது ஆய்வகத்தில், கவனமாகப் பொருத்தி எடுத்த அளவு. தொழிலிடங்களில் பயன்படும் எச்சரிக்கையான கணக்கு இது: எண்ணிலிருந்து 7ஐக் கழி, மீதியைப் பாதியாக்கு. 30 என்று போட்டிருந்தால் கையில் வருவது 11.5. அப்போது 97 டெசிபல் காக்பிட் காதுக்குள் 85.5 ஆகிறது. நன்றாக அடைத்தவருக்கு இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அரைகுறையாகச் செருகியவருக்கு இதுகூடக் கிடைக்காது. பட்டியலில் 2 டெசிபல் அதிகம் என்பதற்காக ஒரு மாடலை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதில் பொருளில்லை. முனை காதில் உட்காரும் விதத்தில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும்.

மின்னணு முறையில் இரைச்சலை நீக்கும் ஹெட்செட், இஞ்சினின் தாழ்ந்த உறுமலை நன்றாகக் குறைக்கும். ஃபோம் அடைப்பு எல்லா அலைவரிசைகளிலும் வேலை செய்தாலும் உச்சத்தில்தான் அதிகம் குறைக்கும். அதனால் மாறிய முதல் நாளில் ‘இஞ்சின் உறுமல் கூடியிருக்கிறதே’ என்று தோன்றலாம். காதுக்குள் பொருத்தும் எல்லாமே பிஸ்டன் விமானத்துக்கானவை என்றும் நினைத்துவிட வேண்டாம். கிளாரிட்டி அலாஃப்ட் போன்றவை முழுக்க ஃபோம் அடைப்பை நம்பியவை. போஸ் புரோஃபிளைட், சத்தம் குறைந்த ஜெட், டர்போபிராப் காக்பிட்டுகளை மனதில் வைத்து வந்தது. தயாரிப்பாளர் எந்த வகை விமானத்துக்கு என்று சொல்கிறார் என்பதைப் பாருங்கள்.

இருக்கையையும் பாருங்கள். பல மாடல்களில் மெல்லிய வளையம் பின்தலையைச் சுற்றிப் போகும். தலைசாய்ப்பு முன்னே துருத்திக்கொண்டிருந்தால், சாயும் ஒவ்வொரு முறையும் அது வளையத்தை நெம்பி முனையை இழுக்கும். கடையில் நின்றபடி மாட்டிப் பார்த்தால் இது தெரியாது. விமானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

3. பிளக், மைக் மின்சாரம், ஸ்டீரியோ

பெரும்பாலான சிறு விமானங்களில் இரண்டு ஜாக் இருக்கும். காதொலிக்கு 6.35 மில்லிமீட்டர் பி.ஜே.-055 பிளக், மைக்குக்கு அதைவிடச் சற்று மெலிந்த பி.ஜே.-068 பிளக். ஹெலிகாப்டர்களில் யூ-174 என்ற ஒற்றைப் பிளக். சில புதிய விமானங்களில் ஆறு முள் கொண்ட லெமோ இணைப்பு, ஹெட்செட்டுக்கு மின்சாரமும் தரும். மின்னணு நீக்கம் இல்லாத ஃபோம் வகைக்கு அந்த மின்சாரம் தேவையில்லை, பேட்டரியும் வேண்டாம். வானத்தில் பேட்டரி தீர்ந்துபோகும் கவலையே இல்லை என்பது இந்த வகையின் பெரிய நன்மை. ப்ளூடூத் பெட்டி சேர்த்து வாங்கினால் அதற்கு மட்டும் சார்ஜ் வேண்டும்.

மைக்குக்கு மின்சாரம் வேண்டும். அதை விமானத்தின் ரேடியோ அல்லது இன்டர்காமே (விமானத்துக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசும் கருவி) மைக் கம்பி வழியாக 8 முதல் 16 வோல்ட் வரை கொடுக்கிறது. பழைய ராணுவ விமானங்களில் குறைந்த மின்தடை மைக்குகள் வேறு வகை, நேரடியாக ஒத்துவராது. அப்படிப்பட்ட விமானம் என்றால் வாங்குவதற்கு முன்பே தொழில்நுட்பரைக் கேளுங்கள்.

ஸ்டீரியோ, மோனோ குழப்பம் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது. ஸ்டீரியோ பிளக்கை மோனோ ஜாக்கில் செருகினால் ஒரு காதில் மட்டும் ஒலி வரும். ஹெட்செட்டில் மோனோ சுவிட்ச் இருந்தால் அதைத் தள்ளினால் தீர்ந்தது. வாடகை விமானங்களில் மாறி மாறிப் பறப்பவர் அந்தச் சுவிட்ச் இல்லாத மாடலை வாங்கக் கூடாது.

சான்றிதழைப் பொறுத்தவரை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தரநிலையான டி.எஸ்.ஓ.-சி139 என்பதுதான் பார்க்க வேண்டிய குறியீடு. அமெரிக்க விதிகளின்படி தனியார் பறத்தலுக்குப் பொதுவாக அது கட்டாயமில்லை. நிறுவனத்துக்காகப் பறப்பவர் தம் நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. முனையைத் தேர்ந்தெடுப்பது

ஃபோம், சிலிக்கான் அடுக்கு, காது அச்செடுத்துச் செய்த வார்ப்பு என மூன்று வகை. பிஸ்டன் விமானத்துக்கு முதல் தேர்வு ஃபோம். துளையின் வடிவத்துக்கு ஏற்ப விரிந்து இண்டு இடுக்கை நிரப்புவது அது ஒன்றுதான். சிலிக்கானைக் கழுவலாம், நீண்ட நாள் வரும். ஆனால் பேசும்போது தாடை அசைந்தால் அடைப்பு விட்டுப்போகலாம்.

வார்ப்பு முனை வசதியானது, விலையும் அதிகம். ஃபோமைவிட அது சத்தத்தைக் கூடுதலாகத் தடுக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். பல காதுகளில் குறைவாகவே தடுக்கும். அச்செடுக்கும்போது வாயைத் திறந்த நிலையில் வைக்கச் சொல்லுங்கள், காதுத் துளையின் இரண்டாவது வளைவு வரை ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். வாயை மூடி எடுத்த வார்ப்பு, ரேடியோவில் பேசும்போதெல்லாம் காற்றுக் கசியும். ஃபோமில் சில மாதம் பழகி, இந்த வகை ஒத்துவருகிறது என்று தெரிந்தபின் வார்ப்புக்குச் செலவழித்தால் போதும்.

அளவை ஒவ்வொரு காதுக்கும் தனியாகப் பாருங்கள். வலது நடுத்தரம், இடது சிறிது என்று வந்தால் அப்படியே போடுங்கள். பெரிய முனைதான் நன்றாக அடைக்கும் என்று எண்ணித் திணித்தால் ஒரு மணி நேரத்தில் வலிக்கும், பிறகு கை தானாகவே அதை வெளியே இழுக்கும்.

5. காதில் பொருத்துவது

இந்த ஒரு படியை வீட்டில், கண்ணாடி முன் உட்கார்ந்து, கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். மோசமான ஹெட்செட் என்று திருப்பியனுப்பப்படுபவற்றில் பல, இங்கே கோட்டைவிட்டவை.

முதலில் இன்டர்காம், ரேடியோ இரண்டின் ஒலியையும் குறையுங்கள். ஒலி செவிப்பறைக்கு அருகிலேயே வெளிப்படுவதால், யாராவது உரக்கப் பேசினாலும், பேச்சில்லாதபோது இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச் திறந்தாலும் அதிர்ச்சியாக இருக்கும். அடுத்து வளையத்தைத் தலையில் சரியாக உட்காரவைத்து ஒலிக்குழல்களின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். முனையைச் செருகியபின் வளையத்தை நகர்த்தினால் செருகியது வெளியே வரும்.

கையைத் துடைத்துக்கொண்டு ஃபோமை விரல்களுக்கு இடையே உருட்டுங்கள். நடுவே குழல் இருப்பதால் சாதாரணக் காதடைப்பான் போல ஊசியாக மெலியாது. அந்தக் குழலைச் சுற்றி எவ்வளவு இறுகுமோ அவ்வளவு போதும். கசக்காமல் உருட்டுங்கள். மடிப்பு விழுந்தால் காதுக்குள் விரிந்த பிறகும் அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் போல இடைவெளி நிற்கும், சத்தம் அதன் வழியே உள்ளே வரும்.

வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துளை நேராகும். மறு கையால் முனையை, குழலைப் பிடித்து அல்ல, ஃபோமின் அடிப்பகுதியைப் பிடித்து உள்ளே விடுங்கள். விரலை எடுக்காமல் 20 முதல் 30 விநாடி பிடித்திருங்கள். ஃபோம் விரியும்போது தன்னையே வெளியே தள்ளிக்கொள்ளும். பிடிக்காமல் விட்டால் பாதி முனை வெளியே நிற்கும். அவசரப்படுபவர்கள் தவறுவது இந்த அரை நிமிடத்தில்தான். குளிர்ந்த காலையில் ஃபோம் கெட்டியாகி மெதுவாக விரியும். முனைகளைச் சற்று நேரம் சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு பிறகு உருட்டுங்கள்.

சோதனை எளிது. இஞ்சின் ஓடும்போது இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடிப் பாருங்கள். சத்தம் குறிப்பிடும்படி குறைந்தால் அடைப்பு சரியில்லை, எடுத்துத் திரும்பச் செருகுங்கள். இருந்த நிலையிலேயே உள்ளே அழுத்துவதில் பயனில்லை. ஒருமுறை விரிந்த ஃபோம் அழுத்தினால் நகராது, சுருங்கித் திரும்பும். வெளியே எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள். சடக்கென்று பிடுங்கினால் துளையில் உண்டாகும் உறிஞ்சல் செவிப்பறையை இழுக்கும்.

6. மைக்

மைக்கின் வாய்ப்பக்கத்தைக் காட்ட ஒரு புள்ளியோ எழுத்தோ இருக்கும், அது உதட்டைப் பார்க்க வேண்டும். இந்த மைக்குகள் இரு பக்கமும் ஒலியை வாங்கி, இரண்டிலும் சமமாக வருவதை இரைச்சல் என்று கழித்துவிடும். அதனால் திருப்பி மாட்டினாலோ தள்ளி வைத்தாலோ உங்கள் குரலும் கழிந்துபோகும். உதட்டின் ஓரத்தில், ஒரு பென்சில் கனத்துக்குள் இருக்கட்டும். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் மூச்சு அடிக்கும். தாடைக்குக் கீழே இறக்கி வைப்பது படத்துக்கு அழகு, ரேடியோவுக்கு ஆகாது.

7. ஒலி அளவும் ஸ்குவெல்ச்சும்

இரண்டையும் இஞ்சின் ஓடும்போது வைத்து, பயணச் சக்தியில் இன்னொரு முறை திருத்துங்கள். இன்டர்காம் ஸ்குவெல்ச்சை இஞ்சின் இரைச்சல் நிற்கும்வரை திருகி, அதற்கு மேல் துளி மட்டும் கூட்டுங்கள். அதிகமானால் உங்கள் வாக்கியத்தின் முதல் எழுத்து வெட்டுப்படும்.

காது அடைபட்டிருக்கும்போது சொந்தக் குரல் தலைக்குள் முழங்கும். அதனால் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். எதிரே உள்ள கட்டுப்பாட்டாளருக்கு அது முணுமுணுப்பாகப் போய்ச் சேரும். ‘மைக் பலவீனம்’ என்று வரும் புகார்களில் இதுவும் ஒரு காரணம். முனையைக் கொஞ்சம் ஆழமாகச் செருகினால் அந்த முழக்கம் குறையும். பேசும் அழுத்தத்தை மட்டும் பழைய அளவிலேயே வைத்திருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

8. எது கேட்காமல் போகிறது என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபோம் உச்ச ஒலிகளை அதிகமாக அடக்கும், எச்சரிக்கை ஒலிகள் பலவும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. செஸ்னா 172 போன்றவற்றில் ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்பதற்கான எச்சரிக்கை) ஒரு காற்று ஊதல்தான்: இறக்கை விளிம்பின் துளையில் காற்று உறிஞ்சப்படும்போது நாக்கு அதிர்ந்து ஒலிக்கும். அது இன்டர்காமுக்குள் வராது, வெறும் காற்றில் வந்துதான் காதில் விழ வேண்டும். பயிற்றுநருடன், பாதுகாப்பான உயரத்தில் ஒரு ஸ்டால் பயிற்சி செய்து, கேட்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். தரையில் அதை உறிஞ்சிப் பார்த்துக் கேட்பது போதாது, அப்போது இஞ்சின் ஓடுவதில்லை.

கையடக்க கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பீப் ஒலியும் அப்படித்தான். விளக்கோ அதிர்வோ உள்ளதாக, பார்வைக்குள் இருக்கும்படி வையுங்கள். இஞ்சின் ஒலியை வைத்தே சுழற்சி வேகத்தை ஊகித்துப் பழகியவர் முதல் சில தரையிறக்கங்களில் மானியைக் கூடுதலாகப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் பறத்தல் ஓடுதளச் சுற்றிலேயே முடியட்டும், பழைய ஹெட்செட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

9. இறங்கும்போது காதழுத்தம்

காதுமூடி ஹெட்செட்டில் இல்லாத சிக்கல் இது. கீழே வரவர வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். முனைக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்ட காற்றுக்கு அந்த அழுத்தம் உடனே போய்ச் சேராவிட்டால், செவிப்பறை வெளிப்பக்கமாக இழுபடும். ஏறும்போது விரியும் காற்று ஃபோமைத் தாண்டி வெளியேறிவிடுவதால் தொல்லை குறைவு. கடல் மட்டத்துக்கு அருகே ஒவ்வொரு 1,000 அடிக்கும் அழுத்தம் ஏறக்குறைய 36 ஹெக்டோபாஸ்கல் மாறுகிறது, மேலே அதைவிடக் குறைவு. அதனால் வலி கடைசிச் சில ஆயிரம் அடிகளில், வேலை அதிகமான நேரத்தில் வரும்.

பலரும் உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை முக்குவார்கள். அது நடுக்காதில் காற்றை நிரப்பும் வழி. இங்கே குறைவு இருப்பது வெளிப்பக்கத்தில். முக்கினால் செவிப்பறை இன்னும் வெளியே புடைத்து வலி கூடும். அதனால் வரிசை இது: முதலில் காது மடலை இழுத்தோ முனையைச் சற்றுத் திருகியோ அடைப்பைத் தளர்த்துங்கள். வலி சட்டென்று குறைந்தால் காரணம் வெளிக்காது, திரும்பச் செருகிக்கொள்ளலாம். குறையவில்லை என்றால் நடுக்காது. அப்போது எச்சில் விழுங்குங்கள், தேவைப்பட்டால் மெதுவாக முக்குங்கள். ஒரு சமயத்தில் ஒரு காதை மட்டும் தளர்த்துங்கள், மற்றதில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் இறுதி அணுகலில் செய்யக் கூடாது. இறங்கத் தொடங்கும்போதே, பிறகு சுற்றில் நுழையும் முன் ஒருமுறை என்று பழக்கிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 500 அடி என்ற வேகம் பெரும்பாலோருக்குத் தாங்கும். சளி பிடித்திருந்தால் எந்த ஹெட்செட்டானாலும் பறக்காதீர்கள்.

10. கேபிள்

இத்தனை இலேசான கருவியில் கேபிளின் எடைதான் பெரிய எடை. கிளிப்பைச் சட்டைக் காலரில் மாட்டி, தலை இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவு தளர்வு விட்டால் முனை இழுபடாது. தோள்பட்டைப் பட்டியில் மாட்ட வேண்டாம். அவசரமாக வெளியேறும்போது பட்டியோடு தலையும் இழுபடும். மீதிக் கேபிள் டிரிம் சக்கரத்திலோ எரிபொருள் தேர்வியிலோ கட்டுப்பாட்டுக் கம்பத்திலோ சுற்றாத இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கை முழு அளவுக்கு அசைத்துச் சோதியுங்கள்.

11. சுத்தமும் மாற்றுவதும்

ஃபோமை ஆல்கஹாலில் துடைக்காதீர்கள், அது அதன் தன்மையைக் கெடுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டத்தில் உலரவிட்டு, பிறகு பெட்டியில் வையுங்கள். ஈரமான முனையை மூடிய பெட்டியில் போட்டு மறுநாள் காதில் செருகுவது காதுப் புண்ணுக்கு அழைப்பு. ஒருவர் முனையை இன்னொருவர் போடக் கூடாது. பயணிக்குத் தனி ஜோடி எடுத்துவையுங்கள், செருகவும் கற்றுக்கொடுங்கள். பெரும்பாலும் அவருக்குப் பழைய காதுமூடி ஹெட்செட்டைக் கொடுப்பதே எல்லாருக்கும் நிம்மதி.

முனையின் ஆயுளை நாட்காட்டி சொல்லாது. விரலால் அழுத்தி விடுங்கள். மெதுவாக, முழு வடிவத்துக்குத் திரும்பினால் நல்லது. உடனே துள்ளி எழுந்தாலோ நசுங்கியே கிடந்தாலோ மேல்தோல் கிழிந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். மைக் பஞ்சுறை கிழிந்த அன்றே மாற்றுங்கள், அது இல்லாத மைக்கில் மூச்சுக்காற்று அப்படியே அடிக்கும், எச்சிலும் உள்ளே போகும்.

12. கோளாறு வந்தால் பார்க்கும் வரிசை

ஒரு காதில் ஒலி மங்கினால் முதலில் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் துளையைப் பாருங்கள். குரும்பியோ, ஒலிக்குழலில் வேர்வைத் துளியோ அடைத்திருக்கும். அடுத்து அடைப்பு, அதன் பிறகு மோனோ சுவிட்ச், கடைசியில்தான் கேபிள்.

இரு காதும் விட்டுவிட்டு ஒலித்தால் பிளக் கடைசிவரை போகவில்லை, அல்லது பிளக்கில் களிம்பு பிடித்திருக்கிறது. பிளக்கை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலர்த்துங்கள். மைக் வேலை செய்யாமல் காதொலி மட்டும் வந்தால் மைக் பிளக்கைத் திரும்பச் செருகி, வாய்ப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் பழைய ஹெட்செட்டை அதே ஜாக்கில் மாட்டிப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு இருந்தால் உங்கள் ஹெட்செட்டைக் குறை சொல்ல வேண்டாம், ஜாக்கைத் தொழில்நுட்பரிடம் காட்டுங்கள்.